எத்தனை மீட்டர் ஆழம்

மூன்று பம்புகளை மேசையில் பரப்பினாள் மிரேய்.
பீல் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி,
ஜன்னலுக்கு வெளியே ஜூன் மழை.
"உள்ளே வெறும் உப்புத்தண்ணீர்தான்,
பயமில்லாமல் அமத்திப் பாருங்கள்"
பாதி பிரெஞ்சில் சொன்னாள், பாதி ஜெர்மனில்.
இந்த ஊரில் அப்படித்தான்,
எனக்கு இரண்டும் அரைகுறை.

பத்தொன்பது வருடமாக
மணிக்கூட்டுக்கு முள்ளுப் பூட்டும் வேலை எனக்கு.
விரலில் ரப்பர் உறை, கண்ணில் லென்ஸ்,
மூச்சுப் பட்டால் பறந்துபோகும் ஆணி.
ஆகையால் முதலில் காதோடு வைத்துக் கேட்டேன்.
நடுவில் இருந்தது மெல்ல முனகியது.
பல்சக்கரம் எங்கேயோ உரசுது என்றேன்.
மிரேய் சிரித்தாள்.
நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

தண்ணீர் புகாது என்று எழுதியிருக்கே,
எத்தனை மீட்டர் ஆழம்? எத்தனை நிமிடம்?
காந்தம் எடுக்கும் பெட்டி என் வலக்கைப் பக்கம்,
நாளுக்கு நாற்பது தரம் அமத்துவேன்,
அதுக்கு இது என்ன செய்யும்?
இரவு மூன்று மணிக்கு பட்டரி செத்தால்
யாரை எழுப்பும்?
என்னையா, மேல்வீட்டுக்காரரையா?
அவள் கையேட்டைப் புரட்டினாள்,
முதலில் ஒரு மொழியில், பிறகு மற்றதில்.

எடுத்தால் நாலு வருடத்துக்கு என்றாள்.
நடுவில் மனம் மாறினால்
காப்புறுதிக்காரர் காரணம் கேட்பார்களாம்.
என் கலியாணம் மூன்று வருடமும் ஏழு மாதமும்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

சின்னதைத்தான் விரும்பினேன்.
குழாய் இல்லை, கொழுக்கி இல்லை,
வயிற்றில் ஒட்டிவிட்டால் மூன்று நாள்.
சட்டைக்குள் இருப்பதே தெரியாது.
ஒளிக்கிறது எனக்குக் கைவந்த வேலை.
கலியாண மண்டபத்துக் கழிப்பறையில்
கொய்யகத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து
மறு கையால் ஊசி போட்டிருக்கிறேன்,
வெளியே யாரோ கதவைத் தட்டத் தட்ட.
"சீனி வருத்தமாம், இந்த வயதிலேயே"
என்ற வாய்க்கு முன்னால் இருந்து
இரண்டு கிண்ணம் பாயாசம் குடித்திருக்கிறேன்.

மூன்று நாள் பரீட்சைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
முதல் நாள் அதை மறந்துபோனேன்.
இரண்டாம் நாள் பிட்டு நிறுத்தேன்,
தேங்காய்ப்பூவைப் பிடுங்கித் தனியே வைத்து.
மிரேயின் பட்டியலில் பாண் இருந்தது,
ரோஸ்டி இருந்தது, பிட்டு இல்லை.
நூற்றெண்பது கிராம். அதில் மாவு எவ்வளவு?
அரிசிக்கணக்கை வைத்து ஒரு எண்ணைக் குத்தினேன்.
பம்ப் நம்பியது.

மூன்றாம் இரவு புரண்டு படுக்கையில்
கை அதன்மேல் பட்டது.
என் சூட்டிலேயே சூடாகி
பிறந்த நாளிலிருந்து அங்கேயே இருந்தது மாதிரி
கிடந்தது.
அதுதான் பிடிக்கவில்லை.

குழாய் உள்ளதைக் கேட்டேன், முனகாததை.
கதவுப் பிடியில் மாட்டும் என்றாள் மிரேய்,
கட்டிலில் சுற்றும், சேலைக்கு இடைஞ்சல்.
மாட்டட்டும்.
கிளிக்கென்று கழற்றலாம்,
ஒரு மணித்தியாலம் வரைக்கும்.
நிறம் கேட்டாள். யோசிக்காமல் கறுப்பு என்றேன்,
பிறகு பேருந்தில் வரும்போது
நீலம் கேட்டிருக்கலாம் என்று பட்டது.

ஆகஸ்ட். ஏரிக்கரை.
கழற்றிச் சோற்றுப் பெட்டிக்குள் வைத்து
வெயில் படாமல் துவாயால் மூடி
தண்ணீரில் இறங்கினேன்.
குளிர் இடுப்பைப் பிடித்தது, விட்டது.
எத்தனை மீட்டர் ஆழமோ, கால் எட்டவில்லை.
நாள் முழுக்கப் பூட்டுகிற கையில்
நான் மணிக்கூடு கட்டுவதில்லை.
மிதவையில் குந்தியிருந்த பையனிடம் நேரம் கேட்டேன்.
மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து
பிரெஞ்சில் ஏதோ சொன்னான்.
காதுக்குள் தண்ணீர்.
இருபது என்றானா, ஐம்பது என்றானா?

திரும்பக் கேட்டேன்.